படம் நிண்ட பிறகு

— இல்ல மகன், வேணாம். ஒன்ட மூஞ்சி எனக்குத் தெரியுது தானே, அது காணும்.

— என்ன தெரியுது உம்மா? நான் கையத் தூக்கினா ஒங்களுக்கு எப்பத் தெரியுது? இந்தா, இப்பத் தூக்குறன்.

— பொறு... இன்னும் தூக்கல்ல... பொறு... ஆ, இப்பதான் தூக்குறாய்.

— நான் தூக்கி, இறக்கி, தலையும் சொறிஞ்சு முடிச்சிட்டன். அது கம்பியூட்டர் இல்ல உம்மா, மாட்டு வண்டில்.

— மாட்டு வண்டில்லயும் ஆக்கள் சம்மாந்துறை வரைக்கும் போய் வந்தாங்க தானே.

— சுனாமிக்குப் பிறகு நிறுவனக்காரன் குடுத்த சாமான் அது. குடுக்கக்குள்ளயே வெள்ளக்காரன்ட பள்ளிக்கூடத்தில பழசாப்போய்த் தள்ளினது. பெட்டியில இன்னும் அவங்கட ஸ்டிக்கர் ஒட்டியிரிக்கும், பாருங்க. இப்ப ரெண்டாயிரத்திப் பத்து, உம்மா. கல்முனை பஸார்ல காலிதீன்ட கடையில சும்மா குடுத்தாலும் எடுக்கமாட்டான்.

— எடுக்கமாட்டான் எண்டா நல்லதாப் போச்சு. இஞ்சயே கிடக்கட்டும். அஸருக்குப் பாங்கு சொல்லக்குள்ள சுவிட்சப் போடுவன். போட்டுட்டு, உளூச் செய்து, தொழுது, தஸ்பீகும் ஓதிட்டு வந்தா அப்பதான் அது கண்ணக் கசக்கிக்கொண்டு எழும்பும். எனக்கும் வயசு, அதுக்கும் வயசு. ரெண்டு பேரும் ஆறுதலா எழும்புறம். ஒனக்கென்ன அவசரம், கத்தார்ல வெள்ளிக்கிழமை லீவு தானே?

— அவசரம் இரிக்கு. ஸலாஹுதீன் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வாறான்.

— எந்த ஸலாஹுதீன்? சாய்ந்தமருதுப் பொடியனா, நெத்தியில தழும்பு?

— ஓம், அவன்தான். அவன்ட கையில ஒரு லெப்டொப் குடுத்துவிடுறன். நேரா மருதமுனைக்கு வந்து, ஊட்டிலயே வயரெல்லாம் பூட்டி, ஒங்களுக்குக் காட்டியும் தந்துட்டுப் போவான். ஒரு மணித்தியால வேல. சரியா?

— சரியில்ல. ஆம்புளையள் எல்லாம் என்னத்துக்கு ஊட்டுக்குள்ள? நானும் சுல்பிகாவும், ரெண்டு பொம்புளையள் இரிக்கிற ஊடு.

— சரி, அப்ப அவன்ட பொஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்றன்.

— அவ வந்தா தேத்தண்ணி ஊத்தணும், பலகாரம் சுடணும். வேணாம் மகன். சுல்பிகாவுக்கும் முழங்கால் ஏலாது.

— உம்மா, ஒங்களுக்குத் தெரியல்ல அது எவ்வளவு லேசு எண்டு. கொப்பி மாதிரிச் சின்னச் சாமான். திறந்தா உடனே முழிக்கும். தூக்கிக்கொண்டு ஊடு முழுக்க நடக்கலாம். அடுப்படிக்குக் கொண்டுபோங்க, வளவுக்குக் கொண்டுபோங்க. வாப்பா நட்ட முருங்கை எவ்வளவு வளந்திரிக்கு எண்டு நானும் பார்க்கணும் தானே. இப்ப என்ன தெரியுது எனக்கு? ஒங்கட மூக்கும், பின்னால பச்சைச் சுவரும். இருட்டுக்குள்ள ஆரோ டோர்ச் அடிச்ச மாதிரி.

— என்ட மூக்கில என்ன குறை? ஒனக்கும் அந்த மூக்குத்தான்.

— பகிடி விடுங்க. சுல்பிகா மாமியையும் பார்க்கலாம். நான் அவட முகத்தக் கண்டு எவ்வளவு காலம்!

— அவட முகம் அப்பிடியேதான் இரிக்கு. கறுத்திரிக்கா கொஞ்சம்.

— இப்ப எங்க அவ?

— அடுப்படில. சுல்பிகா! ஆணம் கொதிச்சா அடுப்பக் குறைச்சு விடுகா! ...கேக்குதா? ஓம் எண்டுறா.

— எனக்குக் கேக்கல்ல.

— அவ மெல்லமாத்தான் கதைப்பா. ஒனக்குத் தெரியும் தானே.

— ஒருக்கா கூப்பிடுங்க உம்மா. ஸலாம் சொல்லிட்டு விடுறன். போன கிழமை கேட்டன், குளிக்கிறா எண்டீங்க. அதுக்கு முதல் கிழமை தொழுறா. அதுக்கும் முதல் கிழமையும் தொழுறா. சொர்க்கத்தில முதல் கதவு அவவுக்குத்தான்.

— மீன் மணத்த கையோட கம்பியூட்டருக்கு முன்னால வரமாட்டாளாம். வெக்கப்படுறா. ஸலாத்த நான் சொல்லிவிடுறன், நீ கவலைப்படாத.

— வாப்பா மௌத்தாகி, இத்தா முடியுற வரைக்கும் நாலு மாசம் பத்து நாளைக்கு ராவுத் துணைக்குப் படுக்க எண்டு வந்த மனிசி. மூணு வருஷமா ஒங்களோட இரிக்கா. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. அவவுக்கு நன்றி சொல்லாட்டி நான் என்ன மனிசன்?

— சொல்லாமலே அவவுக்குத் தெரியும்.

— எனக்கு இந்தக் கம்பியூட்டரோட ஏலாது உம்மா. ஒவ்வொரு கிழமையும் அரைவாசிக் கதையில நிண்டுபோகுது. ஒங்கட பக்கத்தில என்ட படம் நிக்கும், என்ட பக்கத்தில நீங்க கறுத்துப்போவீங்க. மறுகா என்ன செய்யிற? கட் பண்ணிட்டு அடுத்த வெள்ளி வரைக்கும் இரிக்கிறன்.

— எனக்கும் அப்பிடித்தான். படம் நிண்டதும் இந்த ஸ்பீக்கர்ப் பெட்டி வண்டு மாதிரி இரையத் தொடங்கும். காது வெடிக்கும். அத நிப்பாட்டிட்டு இரிப்பன்.

— புதுசு எண்டா நிக்கவே நிக்காது. நாங்க ஸலாம் சொல்லி முடிச்ச பிறகுதான் போகும். போனா உடனே போயிரும்.

— உடனே போயிருமா?

— ஓம். பட்டெண்டு.

— மறுகா படம் ஒண்டும் இரிக்காதா?

— இரிக்காது. அதுதானே நல்லது.

— வேணாம் மகன்.

— என்ன உம்மா இது, சின்னப்புள்ள மாதிரி! ஆரு வேணாமெண்டு சொல்லுவாங்க? மத்த உம்மாமார் மகன்கிட்ட அது அனுப்பு, இது அனுப்பு எண்டு கேக்குறாங்க. நான் ஒங்கட காலில விழுந்து கெஞ்ச வேண்டிக் கிடக்கு.

— நீ ஃபிரிட்ஜ் அனுப்பினாய், வாங்கினன். உடுப்புக் கழுவுற மெஷின் அனுப்பினாய், வாங்கினன். ஃபிரிட்ஜ் வந்த வருஷம் நீ பெருநாளைக்கு வரல்ல. மெஷின் வந்த வருஷமும் வரல்ல. இப்ப லெப்டொப் அனுப்புறாய். எனக்கு ஏபீசீடீ தெரியாட்டியும் இது தெரியும். சொல்லு, என்ன விஷயம்?

— அப்பிடி ஒண்டும் இல்ல.

— சொல்லு வாப்பா. உம்மா ஏசமாட்டன்.

— ...எக்ரிமென்ட் நோன்புக்கு முதல் முடியுது உம்மா. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்.

— ரெண்டு வருஷமா?

— வெயிலுக்க நிண்டவன இப்பதான் உள்ள எடுத்திரிக்காங்க. மேசை இரிக்கு. ஏசி இரிக்கு. ஸைட்டுக்குப் போகவே தேவல்ல. இவ்வளவு நாளும் சுட்டுக் கறுத்துக் கிடந்தது இதுக்குத்தானே. இப்ப விட்டுட்டு வந்தா மறுகா முதல்ல இருந்து தொடங்கணும்.

— மேசையும் தந்திரிக்காங்களா? கதிரை?

— சுத்துற கதிரை.

— அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் என்ட புள்ளய நிழலுக்குக் கொண்டுவந்துட்டான். போன வருஷம் ஒன்ட முதுகெல்லாம் உரிஞ்சிரிந்த படத்தக் கண்டு நான் எப்பிடி அழுதன்.

— அதுதான் உம்மா, இந்த நல்ல கெமரா. ரெண்டு வருஷமும் ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். பக்கத்தில இரிக்கிற மாதிரி. சண்டையும் முடிஞ்சுட்டு, ராவைக்குப் பயந்துகொண்டு கிடக்கத் தேவல்ல. மாமியும் பக்கத்தில படுக்கிறா. ஒண்டு சொல்லட்டா? மாமி இல்லாட்டி நான் இதப்பத்தி யோசிக்கவே மாட்டன். பெட்டியக் கட்டிக்கொண்டு ஸலாஹுதீனோடயே வந்திரிப்பன்.

— மெய்யா?

— அல்லா மேல ஆண. ஒங்களத் தனிய விட்டுட்டு நான் இஞ்ச சுத்துற கதிரையில இரிக்கவா? உம்மா? நிண்டுட்டா?

— இல்ல, நிக்கல்ல. இரிக்கன். சுல்பிகா இரிக்கா மகன். எங்க போகப்போறா? ராவைக்கு அவட குறட்டையில எனக்கு நித்திரையே வாறல்ல. நீ மனசக் குழப்பாம ஞாயித்துக்கிழமை கையெழுத்த வெச்சுடு. நிழல்ல இரி. இஞ்ச ஒரு குறையும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ராணியள் மாதிரி... மகன்? அக்ரம்? இந்தா, நிண்டுட்டு.

— நிக்கல்ல உம்மா, எனக்கு நல்லாக் கேக்குது. நீங்க கறுத்துப்போனீங்க, அவ்வளவுதான். கதைங்க.

— ர்ர்ர் எண்டு தொடங்கிட்டு, இபுலீசு. இரி, இந்த ஸ்பீக்கர நிப்பாட்டுறன். ஆ. இப்பதான் காது காதா இரிக்கு.

— ஐயோ, ஸ்பீக்கர நிப்பாட்டாதீங்க! லைன் போகல்ல! படம் மட்டும்தான் நிண்டிரிக்கு, மைக் வேல செய்யுது. நீங்க கதைக்கிறது எனக்குக் கேக்குது. உம்மா!

— போயிட்டாய். சரி, போ. ஸலாம் கூடச் சொல்லல்ல.

— உம்மா, அந்தப் பெட்டியத் திருப்பிப் போடுங்க. உம்மா!

— இந்த முறை நல்ல முகமில்ல மகன். வாயத் திறந்துகொண்டு, ஒரு கண் பாதி மூடி, பல்லுக் கொதியில நிக்கிறவன் மாதிரி நிக்காய். பரவால்ல. போன கிழமை சிரிச்சுக்கொண்டு நிண்டாய். என்ன அழகு! மூணு நாள் கம்பியூட்டர நிப்பாட்டல்ல. விடிய எழும்பினா சிரிக்காய், சோறு தின்னக்குள்ள சிரிக்காய். திங்கக்கிழமை பின்னேரம் கரண்டு போனது, நீயும் போனாய். அண்டைக்கு நிலத்தில குந்திக்கொண்டு அழுதிட்டன். கேட்டா விசரி எண்டுவாய்.

— இல்ல உம்மா.

— காலிதீன் வந்து காட்டித்தந்தவன்தான், நிண்டா கீபோர்ட்டில இந்த மூணு கட்டையையும் ஒண்டா அமத்துங்க ராத்தா, திருந்தும் எண்டு. எனக்குத் தெரியும். அமத்துறல்ல. அமத்தினா நீ போயிருவாய் தானே. புதுசு எண்டா உடனே போயிருமாம், பட்டெண்டு! அதப் பெருமையாச் சொல்றான் என்ட மகன். பட்டெண்டு போனா நான் இந்த ஊட்டில ஆரட முகத்தப் பார்க்கிற?

— மாமிட முகத்த... உம்மா, மாமி இரிக்கா தானே. என்ன கதைக்கிறீங்க நீங்க?

— சுல்பிகா சுல்பிகா எண்டு ஒனக்காகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே பழகிட்டு. நேத்துக் காத்தடிக்க, சுல்பிகா, அந்தக் கதவச் சாத்துகா எண்டுட்டன். கதவு அடிச்சுக்கொண்டே கிடந்தது. நான்தான் எழும்பிப் போய்ச் சாத்தினன். அவ போய் ஏழு மாசம் முடிஞ்சுட்டு மகன்.

— யா அல்லாஹ்.

— ஒன்ட பக்கம் பார்த்துச் சொல்ல வாய் வரல்ல. இந்த நிண்ட முகத்துக்குத்தான் சொல்ல ஏலும். நீ கேக்காட்டி எனக்குக் கதை நல்லா வரும். தொண்ணூறில எங்கட ஆக்கள விரட்டக்குள்ள மன்னார்ல இருந்து ஓடிவந்த மனிசி அவ. சண்டை முடிஞ்சதும் அவட தம்பிமார் புத்தளத்தில இருந்து காணிக்குத் திரும்பி, காடு வெட்டத் தொடங்கிட்டாங்க. ராத்தா வா எண்டு வான் கொண்டு வந்தாங்க. போகாத எண்டு சொல்லவா நான்? இருபது வருஷம் ஊர் ஊர் எண்டு அழுதவளுக்கு. அவ போகக்குள்ள என்ன இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ராத்தா, மகனுக்குச் சொல்லுங்க, வேற ஆள் தேடச் சொல்லுங்க எண்டா. ஓம் எண்டன். சொல்லல்ல.

— ஏன் உம்மா சொல்லல்ல? ஏன் சொல்லல்ல எனக்கு?

— சொன்னா நீ வந்திருவாய். வந்தா மறுகா வெயிலில இருந்துதான் தொடங்கணும். ஒன்ட முதுகு எனக்குத் தெரியும். அல்லா மேல ஆணயிட்டுச் சொன்னாயே இண்டைக்கு, மாமி இல்லாட்டி வந்திருவன் எண்டு. வாய் வரைக்கும் வந்தது மகன், அவ இல்ல, வா எண்டு. முழுங்கிட்டன். அல்லாவே, பொய் சொன்ன பாவத்த மன்னிச்சிரு. ஏழு மாசமும் ஒவ்வொரு வெள்ளியும் பொய். குளிக்கிறா எண்டு பொய், தொழுறா எண்டு பொய். தொழுகைய வெச்சும் பொய் சொல்லிட்டன். அவட பாய இன்னும் மூலையில விரிச்சுத்தான் போட்டிரிக்கன். ஆரும் எட்டிப் பார்த்தா, ஒரு பொம்புளை தனியப் படுக்கிறா எண்டு கதை வரக்கூடாது. கிழமைக்கு ஒருக்கா தட்டி விரிக்கிறன். அந்தப் பாயப் பார்த்தா ஒரு மாதிரி வரும். அதுதான் ராவைக்கு ஒன்ட முகத்தோட கிடக்கிறன். இந்தப் பெட்டி நீல வெளிச்சம் அடிக்கும். ஓதிட்டு, ஒன்ட பக்கமும் ஊதிட்டுப் படுப்பன்.

— உம்மா, போதும். போதும் உம்மா.

— என்ட மகள் அப்னா இருந்திருந்தா இந்தப் பயம் வந்திரிக்காது. இந்த ஊர்ல பொம்புளப் புள்ளைக்குத்தானே ஊடு. மாப்புள இஞ்ச வந்திருப்பான், பேரப் புள்ளையள் மிதிச்சுக் கத்தி, நான் ஏசிக்கொண்டு திரிஞ்சிருப்பன். அவளக் கடல் கொண்டுபோச்சு. ஆம்புளப் புள்ள நீ. நாளைக்கு ஒனக்குக் கலியாணம் முடிச்சாலும் பொஞ்சாதி ஊட்டுக்குத்தான் போவாய். அது முறை, நான் குறை சொல்லல்ல. கடல் சத்தம் கேக்காத தூரத்தில ஊடு கட்டித் தந்தாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா ஒரு சத்தமும் கேக்குறல்ல மகன். தனிய இரிக்க ஏலாம இரிக்கு எனக்கு. மெய்யா ஏலாம இரிக்கு.

— நான் கேக்குறன் உம்மா. நான் இஞ்ச இரிக்கன்.

— மஃரிபு பாங்கு சொல்றான். நீ இப்பிடியே வாயத் திறந்துகொண்டு நில்லு, தொழுதுட்டு வாறன். வந்து சாப்பிடுவம். சூரை மீன் ஆணம். ஒனக்கும் சேத்துத்தான் கூடக் காய்ச்சிட்டன், பழக்க தோஷம்... ஆரு இந்த நேரத்தில போன் எடுக்கிற? ஹலோ? ஆரு?

— நான்தான் உம்மா. அக்ரம்.

— நீயா? ஏன் மகன், என்ன? ஒவ்வொரு முறையும் நிண்டா அடுத்த வெள்ளிதான் வருவாய்.

— ஸலாம் சொல்லாமப் போயிட்டன் தானே. அஸ்ஸலாமு அலைக்கும்.

— வஅலைக்குமுஸ்ஸலாம். அதுக்கா எடுத்தாய்? ஒன்ட குரல் என்ன, அடைச்சிரிக்கு?

— ஏசி உம்மா. தொண்டை புடிச்சிட்டு.

— நெத்திய மூடிக்கொண்டு இரி. நான்... நான் கடைசியாச் சொன்னது ஒண்டும் ஒனக்குக் கேட்டதா?

— என்ன சொன்னீங்க?

— ஒண்டுமில்ல. படம் நிண்ட பிறகு நானா எதையோ புலம்பிக்கொண்டு இரிந்தன்.

— கேக்கல்ல. படம் நிண்டதும் கட் பண்ணிட்டன்.

— ஆ. நல்லது. கையெழுத்தப் பத்தித்தான் சொன்னன். வெச்சுடு எண்டு.

— கம்பியூட்டர் கதைய விடுவம் உம்மா. புதுசு வேணாம். ஸலாஹுதீன்ட கையில குடுத்துவிடல்ல.

— இப்பதான் என்ட புள்ளைக்குப் புத்தி வந்திரிக்கு. நான் முதல்லயே சொன்னன் தானே, இது காணும் எண்டு.

— மாமி எங்க?

— அவ... தொழுறா. பாங்கு சொல்லிட்டான் தானே.

— சரி, தொழட்டும். தொழுது முடிச்சதும் நான் சொன்னன் எண்டு ஒண்டு சொல்லிவிடுங்க.

— என்ன சொல்ல?

— நோன்புப் பிறை பார்க்கிறதுக்கு முதல் அவட பாயச் சுருட்டி வெக்கச் சொல்லுங்க உம்மா, அந்த இடத்தில படுக்க நான் வாறன்.